மணலில் புதைந்த சில்லு

இந்த நாட்டுக்கு வந்து, லைசென்ஸ் எடுத்து, கடனை உடனைப் பட்டு, நாலு சில்லும் இழுக்கிற வாகனம் ஒன்றை வாங்கிவிட்டால் எம்மவர்களுக்கு ஓர் ஆசை வரும். அதை மணலில் ஓட்டிப் பார்க்கும் ஆசை. எங்களுக்கும் வந்தது.

நாங்கள் மூன்று குடும்பம். மூன்று வீட்டு ஆண்களும் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரே பக்டரியில் வேலை செய்கிறோம். 2012-இல் கடல் வழியாக வந்தவர்கள். ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். வாகனச் சாமான்களைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பிற்பகல் எங்கள் பிள்ளை ஒன்றின் தலை தப்பியது. அதுதான் தகுதி. புதிதாக வந்த குடும்பங்கள் இப்போது இப்படிப் பயணம் போகத் தொடங்கியிருப்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறோம்.

சித்திரைப் பள்ளி விடுமுறைக்கு ஸ்டொக்டன் கடற்கரைக்குப் போவதென்று முடிவானது. சிட்னியிலிருந்து வடக்கே இரண்டரை மணித்தியால ஓட்டம், நியூகாசிலுக்குப் பக்கம். முப்பது கிலோமீற்றர் அளவு நீளத்துக்கு மணல். வொரிமி என்ற ஆதிக்குடி மக்களின் நிலம் அது. வாகனம் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டை முறையாக வாங்கினோம். சீட்டு வாங்கத் தெரிந்த எங்களுக்கு ரயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று தெரியவில்லை.

மணலைக் கண்டதும் எங்களுக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. எங்களில் இரண்டு பேர் வடமராட்சியில் மணற்காட்டுக்குக் கிட்டப் பிறந்தவர்கள். அங்கும் இப்படித்தான் மண் மேடு மேடாகக் கிடக்கும். உழவு இயந்திரம் புதைந்தால் சில்லுக்கு முன்னால் காவோலையைப் பரப்பி, பின்னால் பத்துப் பேர் நின்று தள்ளி, முன்னால் பத்துப் பேர் கயிறு பிடித்து இழுத்து எடுத்ததைச் சிறு வயதில் பார்த்திருக்கிறோம். "எங்களுக்குத் தெரியாத மணலே" என்ற ஒரு தெம்பு. பிள்ளைகளுக்கு சிக்னா கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனோம். 1974-இல் புயலில் கரைதட்டிய நோர்வேக் கப்பல் அது. முன்பாதியை மிதக்க வைத்து இழுத்துப் போனார்கள். பின்பாதி அந்த மண்ணிலேயே நாற்பது வருடம் நின்று, 2016-இல் இன்னொரு புயலில் சரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய கப்பலையே விடாத மண் எங்களை விடுமா என்று அப்போது யோசிக்கவில்லை.

கடலோரத்து ஈர மண்ணில் நன்றாகத்தான் ஓடினோம். சாப்பிட நிறுத்தலாம் என்று மேட்டுப் பக்கம் திருப்பிய இடத்தில் மூத்தவரின் பஜேரோ நின்றுவிட்டது. அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சில்லு தோண்டிக்கொண்டு கீழேதான் போனது. இறங்கிப் பார்த்தால் அடித்தட்டு மண்ணில் இருக்கிறது. கடலும் ஏறத் தொடங்கியிருந்தது. கைகளால் கொஞ்சம் மண்ணை வாரினோம். வார வாரச் சரிந்தது.

சற்றுத் தூரத்தில் இரண்டு மூன்று வெள்ளைக்காரர் வாகனங்கள் நின்றன. போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆங்கிலம் ஒரு காரணம். மற்றக் காரணம் உங்களில் பலருக்குச் சொல்லாமலே விளங்கும். றேஞ்சர் வந்து, பொலிஸ் வந்து, பெயரை எழுதி, அது விசாவில் போய் நிற்குமோ என்ற பயம். அந்தப் பயத்தில்தான் அவசரப்பட்டோம்.

எங்களில் இளையவரை நாங்கள் தம்பி என்றே கூப்பிடுவோம். அவருடைய ஹைலக்ஸ் புதையாமல் ஈர மண்ணில் நின்றது. "அண்ணை, பயப்பிடாதேங்கோ. என்னட்டைப் பெலத்த சாமான் ஒண்டு கிடக்கு" என்று சொல்லி ஒரு பச்சைப் பட்டியை எடுத்து வந்தார். பார்த்தவுடனேயே எங்களுக்குத் தெரிந்தது. பக்டரியில் கிறேனில் பாரம் தூக்கும் பட்டி. ஓரத்தில் ஒரு கிழிசல் கண்டு சோதிக்கிறவர் கழித்துப் போட்டது. குப்பைத் தொட்டிக்குப் போகமுன் தம்பி எடுத்து வைத்திருக்கிறார். நல்ல சாமானை எறிய எம்மவர்களுக்கு மனம் வராதுதானே.

பச்சை என்றால் 2 தொன். ஊதா 1 தொன், மஞ்சள் 3, சாம்பல் 4. நாங்கள் தினமும் நிறம் பார்த்து எடுக்கிற சாமான். ஆகவே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஹைலக்ஸின் பின்னால் ட்ரெயிலர் கொளுவுகிற உருக்குக் குண்டில் பட்டியின் ஒரு காதை மாட்டினோம். மற்றக் காதைப் பஜேரோவின் முன்னடியில் இருந்த ஒரு வளையத்தில் கொளுவினோம். தம்பி மெல்ல இழுத்தார். அசையவில்லை. "கொஞ்சம் பின்னுக்கு வந்து ஒரு வெட்டு வெட்டி இழுக்கிறன்" என்றார். மூத்தவர் பஜேரோவின் ஸ்டியரிங்கில் இருந்தார். அவருடைய எட்டு வயது மகன் பொனற்றில் சாய்ந்துகொண்டு போனில் வீடியோ பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்போது ஒரு வயதான வெள்ளைக்காரர் கையில் மீன் தூண்டிலோடு கத்திக்கொண்டு ஓடி வந்தார். நேரே போய்த் தம்பியின் கண்ணாடியில் தட்டி எஞ்சினை நிறுத்தச் சொன்னார். முதலில் எங்களுக்குக் கோபம். பிறகு பயம். அவர் குனிந்து அந்த உருக்குக் குண்டைத் தொட்டுக் காட்டினார். பிறகு பஜேரோவின் முன் கண்ணாடியைக் காட்டினார். பிறகு பிள்ளையின் தலையைக் காட்டினார். எங்கள் கூட்டத்தில் நல்ல ஆங்கிலம் அந்தப் பிள்ளையிடம்தான். அவனே மொழிபெயர்த்தான்:

"அப்பா, அது உடைஞ்சால் குண்டு மாதிரிப் பறந்து வருமாம். ஆக்கள் செத்திருக்கினமாம்."

குண்டு என்ற சொல்லை விளையாட்டாகக் கேட்கிறவர்கள் அல்ல நாங்கள். மூத்தவரின் மனைவி ஒன்றும் பேசாமல் பிள்ளையை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டார்.

அந்த மனிதர் செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறோம். முதலில் நாலு ரயரிலும் காற்றைத் திறந்துவிட்டார். 36 பி.எஸ்.ஐ. இருந்தது, 18-க்கு இறக்கினார். காற்றுக் குறைய ரயர் அடியில் அகலமாகவும் நீளமாகவும் படியும், அப்போது மண்ணை வெட்டாமல் மண்ணுக்கு மேலே போகும். பிறகு தன் மண்வெட்டியைத் தந்து, சில்லுகளுக்குப் பின்னாலும் அடித்தட்டுக்குக் கீழும் மண்ணை எடுக்கச் சொன்னார். முன்னுக்கு அல்ல, பின்னுக்கு: வந்த தடத்திலேயே திரும்புவது சுகமாம். அரை மணித்தியாலம் வெட்டினோம். அதற்குப் பிறகுதான் தன்னுடைய பட்டியை எடுத்தார்.

பஜேரோவின் பின்னால் குண்டு பூட்டியிருந்த இரும்பு நாக்கை முழுதாகக் கழற்றி எடுத்துவிட்டு, அந்தச் சதுரக் குழாய்க்குள் பட்டியின் காதை நுழைத்து, நாக்கைப் பிடித்திருந்த அதே தடித்த ஆணியைக் காதுக்குள்ளால் செருகினார். தன் வாகனத்திலும் அப்படியே செய்தார். பறக்கக்கூடிய இரும்பு வெளியே ஒன்றும் இல்லை. பட்டியின் நடுவில் ஈரச் சாக்கு மாதிரி ஒரு பாரமான துணிப்பையைப் போட்டார். பட்டி அறுந்தால் அது நிலத்தில் விழுத்துமாம். எல்லோரையும் தூரத்தில், பக்கவாட்டில் நிற்கச் சொன்னார். இரண்டு மூன்று மீற்றர் பட்டி தளர்ந்து மண்ணில் பாம்பு மாதிரிக் கிடக்க, மெல்லத்தான் எடுத்தார். பட்டி நீண்டது, நீண்டது, பிறகு பஜேரோ தன்பாட்டில் எழும்பி வந்தது. ஒரு குலுக்கலும் இல்லை. மூத்தவர் இன்றைக்கும் சொல்லுவார், "ஆரோ பின்னாலை கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்ட மாதிரி இருந்தது" என்று.

காசு கொடுக்கப் பார்த்தோம்; வாங்கவில்லை. எங்கள் மட்டன் ரோல்ஸ் நாலை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை முழுக்கப் பக்டரியில் சாப்பாட்டு நேரத்தில் இதே கதைதான். அவருடைய பட்டிக்கும் எங்கள் பச்சைப் பட்டிக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அகலம் அதே மாதிரி, தையல் அதே மாதிரி, இரண்டு பக்கமும் காது. பிறகு லேபல்களை வாசித்தோம். பக்டரிப் பட்டியில் 2 தொன் என்று இருந்தால், அவ்வளவு பாரத்தைப் பாதுகாப்பாகத் தூக்கலாம் என்று பொருள். நல்ல பட்டி அறுவது அதைவிடப் பல மடங்கில். வாகனம் மீட்கும் பட்டியில் 8000 கிலோ என்று இருந்தால், அது அறும் பலத்தின் அளவு. ஒன்று தூக்கும் கணக்கு, மற்றது அறும் கணக்கு. இரண்டு லேபலும் இரண்டு பாஷை.

"அப்ப எங்கடை பட்டி பெலமானதுதானே அண்ணை?" என்று தம்பி கேட்டார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. பலம் போதாமல் அல்ல, இழுபடாமல்தான் அது ஆபத்து. தூக்கும் பட்டி பொலியெஸ்ரர். தூக்கிய பாரம் ஆடக்கூடாது என்பதற்காக நீளாத நூலில் நெய்தது. வெட்டி இழுக்கும்போது மூன்று தொன் வாகனத்தின் வேகம் முழுவதும் ஒரே கணத்தில் எங்கேயோ போய் விழ வேண்டும். பட்டி வாங்கிக்கொள்ளாவிட்டால் குண்டின் கழுத்து வாங்கும், அல்லது முன் வளையம் வாங்கும். குண்டில் 3500 கிலோ என்று அடித்திருப்பது ட்ரெயிலரைச் சீராக இழுக்க. வெட்டி இழுக்க அல்ல. முன்னடியில் நாங்கள் கொளுவிய வளையமும் பெரும்பாலான வாகனங்களில் கப்பலிலும் லொறியிலும் அசையாமல் கட்டி ஏற்றுவதற்காக வைத்ததுதான். இரண்டு பக்கமும் பிழையான இடத்தில் கொளுவியிருக்கிறோம், நடுவில் பிழையான பட்டி, அதிலும் கிழிசல்.

ஸ்னாச் ஸ்ட்ராப் என்று இங்கே சொல்கிற மீட்புப் பட்டி நைலோன். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீளும். 9 மீற்றர் பட்டி 11 மீற்றருக்குக் கிட்டப் போய்த் திரும்பும். இழுக்கிற வாகனத்தின் வேகத்தை மெல்ல மெல்ல வாங்கி வைத்து, புதைந்த வாகனத்துக்குக் கொடுக்கும். கடையில் இதற்குப் பக்கத்திலேயே மரத்தில் சுற்றிக் கட்டும் பட்டி, வின்ச் கம்பியை நீட்டும் பட்டி, சாதாரண இழுவைப் பட்டி எல்லாம் தொங்கும். அவை நீளாதவை. நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். நைலோனா, மீட்புக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அளவு பற்றி எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் எதை வாங்கினாலும் தடித்ததாய், பெரியதாய்ப் பார்த்து வாங்கிப் பழகியவர்கள். கடையில் நின்றவரும் "11 தொன் எடுங்கள், இன்னும் பலம்" என்றார். ஆனால் கணக்கு அப்படி இல்லை. உங்கள் வாகனம் ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாம் நிறைந்து நிற்கக்கூடிய உச்ச எடையை ஜி.வி.எம். என்பார்கள். வாகனத்தோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பட்டியின் அறும் பலம் அதைப்போல இரண்டு மடங்கிலிருந்து மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் அறும். கூடினால் நீளாது, நீளாவிட்டால் திரும்பவும் பச்சைப் பட்டியின் குணம்தான். இழுக்கிற வாகனம் ஒன்று, இழுபடுகிற வாகனம் ஒன்று, இரண்டில் எடை குறைந்ததற்குத்தான் இந்தக் கணக்கு. பஜேரோவும் ஹைலக்ஸும் மூன்று தொன்னை ஒட்டியவை. ஆகவே 8 தொன் பட்டி, 9 மீற்றர் நீளம். 65 டொலர் கொடுத்தோம். ஜிம்னி போல ஒன்றரைத் தொன் ஜீப் வைத்திருக்கிறவர்கள் இதே பட்டியை வாங்கினால் பிழை. அவர்களுக்கு 3 முதல் 4½ தொன் வரையான பட்டியே பொருத்தம். தேடித்தான் வாங்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் இந்தப் பட்டிகளுக்குக் கட்டாயப் பாதுகாப்பு விதி ஒன்று இருக்கிறது. அறும் பலமும் எச்சரிக்கைகளும் பட்டியோடு வர வேண்டும். ட்ரெயிலர்க் குண்டு இதற்காகச் செய்ததல்ல, அதில் கொளுவினால் ஆட்கள் இறக்கக்கூடும் என்பது அந்த எச்சரிக்கைகளில் ஒன்று. லேபல் இல்லாத பட்டியை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ தெரிந்தவரிடமோ மலிவாகக் கண்டால் விட்டுவிடுங்கள். பாவித்த பட்டி எத்தனை தரம் இழுபட்டதென்று பார்த்துச் சொல்ல முடியாது.

ஷக்கிளும் அப்படியே. எத்தனை தொன் தாங்கும் என்று உடம்பில் அடித்திருப்பதையே வாங்க வேண்டும். நாங்கள் எடுத்தது 4.75 தொன். ஆணியைக் கையால் முழுக்க முறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழற்ற வராது. இரண்டு பட்டியை இணைக்க ஒருபோதும் ஷக்கிள் போட வேண்டாம். பட்டி அறுந்தால் அந்த இரும்பு பறக்கும். ஒரு காதை மற்றக் காதுக்குள்ளால் எடுத்து முடிந்து, இறுகிப் போகாமல் நடுவில் ஒரு புத்தகத்தைச் சுருட்டி வைப்பார்கள். வாசித்து முடித்த இந்தச் சஞ்சிகையும் அதற்குக் காணும்.

தூரம் என்று அந்த மனிதர் சொன்னதற்கும் அளவு இருக்கிறது. பட்டி நீளத்தின் ஒன்றரை மடங்கு. 9 மீற்றர் பட்டிக்குப் பதினைந்து மீற்றர் தள்ளி நின்றால் நல்லது. பட்டியின் நேர் வரிசையில் எந்தப் பக்கமும் நிற்கக்கூடாது. முன்பக்கத்தில் கொளுவி இழுப்பதானால் பொனற்றைத் திறந்து நிறுத்துங்கள், கண்ணாடிக்கு மறைப்பு. இரண்டு மூன்று தரம் இழுத்தும் வராவிட்டால் இன்னும் வேகமாக இழுப்பதல்ல, இன்னும் மண் வெட்டுவதுதான் வழி. இழுத்த பட்டிக்கும் ஓய்வு வேண்டும், நீண்டது சுருங்கிப் பழைய நிலைக்கு வர. நனைந்த பட்டிக்குப் பலம் குறைவு. வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள், உள்ளே போன மணல் நூலை அறுக்கும். எங்கள் வீட்டில் அது சீலைகளுக்கு நடுவே கொடியில் தொங்கியதைப் பார்த்து அடுத்த வீட்டு அக்கா "இதென்ன, ஊஞ்சல் கட்டப்போறியளோ?" என்று கேட்டார்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்று சொல்ல வேண்டும். எங்களைக் கேட்டால் பட்டி நாலாவது சாமான்தான். முதலாவது காற்று அளக்கும் கருவி. இரண்டாவது மண்வெட்டி. மூன்றாவது திரும்பிக் காற்றடிக்கும் பம்பு. குறைந்த காற்றோடு பெருந்தெருவில் வேகமாக ஓடினால் ரயர் சூடாகி வெடிக்கும். சில்லுக்குக் கீழே வைக்கும் பிளாஸ்ரிக் பலகைகளும் விற்கிறார்கள். விலை கூட, ஆனால் செய்கிற வேலை எங்கள் காவோலையின் வேலைதான். அவை ஒன்றும் பறக்காது. ஒற்றை வாகனத்தில் போகிறவர்களுக்கும் உதவும். பட்டிக்கு எப்போதும் இரண்டாவது வாகனம் வேண்டும். அன்றைக்கே காற்றைக் குறைத்துக்கொண்டு இறங்கியிருந்தால் பட்டிக்கே வேலை வந்திராது என்று இப்போது நினைக்கிறோம்.

வீதி உதவிக்குக் காசு கட்டியிருக்கிறோம், அவர்கள் வருவார்கள் என்று நம்பி இருக்கவும் வேண்டாம். கடற்கரை மணலுக்குப் பெரும்பாலும் அது செல்லாது. சேர்ந்தபோது தந்த தாளை ஒருதரம் வாசியுங்கள். பக்கத்தில் நிற்கிற ஆட்களிடம் போய்க் கேளுங்கள். அவர்களும் எப்போதோ புதைந்தவர்கள்தான், சிரித்துக்கொண்டுதான் வருவார்கள். யாருக்கும் காயம் என்றால் 000-க்கு அடியுங்கள். தமிழில் பேச உரைபெயர்ப்பாளர் கேட்கலாம்.

திங்கட்கிழமை தம்பி அந்தப் பச்சைப் பட்டியைப் பக்டரிக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். கழித்த பட்டியை ஒருவரும் எடுக்க முடியாதபடி வெட்டித்தான் எறிய வேண்டும் என்பது அங்கே விதி. அந்த முறை வெட்ட மறந்திருக்கிறார்கள். கத்தி வாங்கி மூன்று துண்டாக வெட்டித் தொட்டியில் போட்டோம். புதுப் பட்டி பஜேரோவின் பின்னால் கிடக்கிறது. அடுத்த விடுமுறைக்குத் திரும்பவும் போவோம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மூத்தவரின் மனைவி, பம்பு வாங்கிய பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.